கண் மூடாதவர்

அந்தம்மா கண் சிமிட்டி நான் பார்த்ததே இல்லை. சிமிட்டாமல் ஒரு மனுஷி இருக்க முடியாதுதான். நாம் பார்க்காத நேரத்தில் சிமிட்டிக்கொள்வார் போல. எதிரே உட்கார்ந்து பேசினால் நம் முகத்தை, அதிலும் வாயை, அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பல்லில் கீரை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று நமக்குக் கை தானாக வாய்க்குப் போகும். "கைய எடு பாப்பா. வாய மறைச்சா நான் எப்படிக் கேக்க?" என்பார்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். எங்கள் அம்மாவுக்கு அவர் மேல் வந்த முதல் சந்தேகம் அதுதான்.

ஆனையூரில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கருவேல முள்ளுக்கு நடுவே நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டியிருந்த காலம் அது. அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். அம்மா இன்னொரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தனியாக ஓர் அறை உண்டு. அதில்தான் அந்தம்மா குடிவந்தார். எழுபது தாண்டியிருக்கும். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு கைக்கண்ணாடி. "முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" என்று அப்பா கேட்டார். "பேசாப்படத்துல நடிச்சேன் சார்" என்றார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே போய் பீரோவைப் பூட்டினாள்.

சந்தேகம் எங்கள் வீட்டில் அம்மா வழிச் சொத்து. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்பாள். சிரிக்காவிட்டால் நேற்று அதிகம் என்பாள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு நடிகை குடியிருந்தால் என்ன ஆகும்? அந்தம்மா அழுதால் நடிப்பு, சிரித்தால் நடிப்பு, தலைவலி என்று படுத்தால் பெரிய நடிப்பு. "முகத்த வச்சே பொழச்சவங்க. அந்த முகத்த நம்ப முடியுமா?" என்பாள். கொஞ்சம் நானும் அம்மா மாதிரிதான். எனக்கும் முழுதாக நம்பிக்கை வந்ததில்லை.

நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு போட்டோ கிடையாது. நடித்த படங்களின் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்று மாறும். ஆற்றில் குதித்துச் செத்ததாக ஒரு நாள் சொல்வார். தீக்குளித்துச் செத்ததாக இன்னொரு நாள். கேட்டால், "அது வேற படம். எனக்கு எல்லாப் படத்துலயும் சாவுதான்" என்பார். அந்தப் படங்கள் எங்கே என்று அப்பா ஒருமுறை கேட்டார். "பேசும்படம் வந்ததும் பழைய பிலிமை யாரு சீந்துவா? உருக்கி வளையல் பண்ணிட்டானுங்க சார். எந்தப் பொம்பள கையில கெடந்தேனோ, எந்தச் சண்டையில ஒடஞ்சேனோ" என்றார். அப்பா அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "வசனம் பாத்தியா" என்றாள்.

கண் சிமிட்டாத பழக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் அவர் ஒரே மாதிரிதான் சொல்வார். அந்தக் காலத்தில் படம் எடுக்க விளக்கு கிடையாதாம். வெயில்தான். கூரையில்லாத கொட்டகையில் நிறுத்தி, வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை நான்கு பக்கமும் பிடித்து வெயிலை அப்படியே முகத்தில் திருப்பிவிடுவார்களாம். கண் எரியும், நீர் கொட்டும், ஆனால் இமை அசையக் கூடாது. அசைந்தால் பிலிம் வீண், கன்னத்தில் ஓர் அறை. "ஜனம் அழுதுச்சு, நான் அழுறேன்னு. அது வெயிலுக்கு வந்த தண்ணி பாப்பா."

அவருடைய குரல் தகரத்தில் கல்லை உரசுவது போல இருக்கும். சினிமா பேச ஆரம்பித்ததும் இவரையும் ஒரு வாக்கியம் பேசச் சொன்னார்களாம். பேசினாராம். மறுநாளிலிருந்து அவரைக் கூட்டிப்போக வண்டி வரவில்லையாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

சாயங்காலங்களில் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்வார். நானும் கூட உட்கார்வேன். பாட்டு போடும்போது, "சத்தத்தக் குறை பாப்பா" என்பார். குறைத்தால் போதாது, முழுதாக மூட வேண்டும். கதாநாயகி மரத்தைச் சுற்றி உருகி உருகிப் பாடுவாள். அந்தம்மா வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இவ எங்க பாடுறா? இந்தியில ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டு இருக்கா" என்பார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பேசாப்படத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்களாம். காதல் காட்சியில் கதாநாயகன் இவரிடம், "மூணு நாளாச்சு, காப்பிகூட வாங்கித் தரல இந்த முதலாளி" என்பானாம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற ஆள், "கண்ணே, உன்னை மறவேன்" என்று கத்துவானாம். எதிராளி வாயைப் பார்த்துப் பார்த்தே காலம் போனதில் தூரத்து வாய் என்ன சொல்கிறது என்பது தெரிந்துபோனது என்பார். பக்கத்திலிருக்கும் எழுத்துத்தான் மங்கல். எட்ட இருக்கிற முகம் பளிச்சென்று தெரியும்.

இது நிஜமா, கதையா என்று தெருவில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்தம்மா, "உள்ள இருக்கிற ஆளு 'சக்கரை இல்லைன்னு சொல்லு'ங்கிறான். இருக்கு, போகாதீங்க" என்றார். ஜனம் நகரவில்லை. சர்க்கரை வந்தது. "அவன் ஒளிச்சு வைப்பான்னு ஊருக்கே தெரியும். இதுக்கு வாயப் பாக்கணுமாக்கும்" என்றாள் அம்மா. இன்னொரு நாள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அந்த சார் பொண்டாட்டியப் பாத்து 'உன் தலையக் கொண்டுவரச் சொல்றேன்'ங்கிறாரு, வாங்க சார்!" என்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த சார் கிறிஸ்துமஸ் நாடகத்தில் கொடுங்கோல் ராஜா. மனைவியை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தம்மா சொன்ன வசனம் எழுத்துப் பிசகாமல் நாடகத்தில் இருந்தது என்பதை அந்தச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவுக்குப் பெரிய குறை வேறு ஒன்று. எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் உண்டு. அந்தம்மா எங்கள் வேதம் இல்லை என்றாலும் வந்து உட்கார்வார். ஆனால் கண்ணை மூட மாட்டார். "ஜெபத்துல கண்ணத் தொறந்து வச்சிருக்கிறவங்கள எப்படி நம்புறது?" என்று அம்மா குமைவாள். "நீ எப்படிப் பாத்த?" என்று அப்பா கேட்டார். இரண்டு நாள் அம்மா அப்பாவிடம் பேசவில்லை.

அந்த வருஷம்தான் பேரையூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தேனிப் பக்கம் பேங்கில் வேலை. கூட அவருடைய அம்மா, சித்தப்பா, நடுவில் நின்று பேசிவைத்த போதகர் ஐயா. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. எதனால் என்று கேட்டால் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த விதம் என்றுதான் சொல்ல முடியும். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆனபிறகு போதகர் ஐயா, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். அவர் ஜெபம் என்றால் ஊர், உலகம், மழை, மந்திரிகள் எல்லாம் முடிந்துதான் மாப்பிள்ளை பெண்ணுக்கு வரும். எல்லோரும் கண்ணை மூடினோம். அந்தம்மா முற்றத்து ஜன்னலுக்கு வெளியே காப்பித் தம்ளர்களை வாங்கக் காத்து நின்றிருந்தார். அந்த இடத்தில் திறந்திருந்தது அவர் கண் மட்டும்தான்.

அவர்கள் போனபிறகு அந்தம்மா அப்பாவைத் தொட்டியடிக்குக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சொல்லலாமான்னு தெரியல சார். ஜெபம் நடக்கிறப்ப அந்தத் தம்பி அவங்க அம்மா பக்கம் சாஞ்சு பேசுச்சு. 'உனக்காகத்தாம்மா வந்தேன். அங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?'ன்னுச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ஜெபம் நடக்குது, வாய மூடு'ன்னாங்க."

அப்பாவால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல், வேறு பெண் யாரும் உண்டா என்று போதகர் மூலம் கேட்டனுப்பினார். தேனியில் தெரிந்தவர்களிடமும் விசாரித்தார். அப்படி ஒருத்தியும் இல்லை என்று பதில் வந்தது. பேரையூர்க்காரர்கள் கொதித்துவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது. பெண் வீட்டார்தான் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள் என்று சபையில் பேச்சு. எனக்கு வரவேண்டிய இரண்டு இடங்கள் அதோடு வராமல் நின்றன.

அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அந்தம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுப்பது நான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான். "இவ கல்யாணமாகிப் போயிட்டா யாரு பாப்பாங்க? அதான் போட்டுக் கலைச்சுட்டாங்க" என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் என்னை வாட்டியது. அந்தம்மா உண்மை சொல்லியிருந்தால் எனக்கு நல்லது செய்திருக்கிறார். பொய் என்றால் என் வாழ்க்கையில் கை வைத்திருக்கிறார். இரண்டில் எது என்று தெரியாமல் அவருக்குச் சோற்றுத் தட்டை நீட்ட என்னால் முடியவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "நிஜமாவே அவரு அப்படிச் சொன்னாரா?" என்று.

"பாத்ததத்தான் சொன்னேன் பாப்பா."

அந்தக் கண்ணையே நானும் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வெயிலுக்கே அசையாத கண்.

அம்மா தன் வழியில் பரீட்சை வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த கையோடு, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்தம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். "சொல்லுங்க பாப்போம், நான் என்ன சொன்னேன்?"

அந்தம்மா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார். "சாப்பிட்டீங்களான்னு கேக்குறீங்க டீச்சரம்மா. ஆச்சு, இப்பத்தான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "நான் சொன்னது என்ன தெரியுமா? 'நீ ஒரு பொய்க்காரி'ன்னு சொன்னேன். பாத்தியா லட்சணத்த? வாயப் படிக்கிறாங்களாம்."

அடுத்த மாதம் அந்தம்மா அறையைக் காலி செய்தார். போகச் சொன்னது அம்மாதான். திண்டுக்கல்லில் தூரத்துச் சொந்தம் யாரோ இருப்பதாகச் சொன்னார். ஆட்டோவில் டிரங்குப் பெட்டியை ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். "வாரேன் பாப்பா" என்றார் அந்தத் தகரக் குரலில். சினிமாவிலும் பேசியதால்தான் அனுப்பினார்கள், இங்கேயும் அப்படித்தான் ஆனது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவர் போகிறார் என்றுதான் நினைத்தேன். சில வருஷம் கழித்து அவர் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது, வேறு இடத்தில். நல்ல மனிதர். அந்தம்மாவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் அம்மா கடைசிவரை, "அந்தப் பொய்க்காரி" என்றே சொன்னாள். அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று.

போன தை மாதம் சிம்மக்கல்லில் ஒரு மண்டபத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர் மகள் கல்யாண வரவேற்பு. வாசலில் டீச்சர் ஒருவரை எனக்கு அறிமுகம் செய்தார், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை, பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர் என்று. தலை முழுதும் நரைத்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"ஆனையூர்ல உங்க வீட்டுக்கு ஒரு தடவ வந்திருக்கேன் டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். இந்த வயதில் இதற்கெல்லாம் கூச்சம் ஏது? டீச்சர் வேறு ஆட்களை வரவேற்கப் போனதும் அவர் குரல் இறங்கியது.

"ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருசமா மனசுல கெடக்கு. எங்கம்மா அன்னைக்கு உங்க வீட்டுல யாருகிட்டச் சொன்னாங்க?"

"எத?"

"தேனியில ஒரு பொண்ண நான் விரும்புனது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். உங்க வீட்டுல ஜெபம் நடக்கிறப்பக்கூட அம்மா காதுல மெல்லச் சொன்னேன், அவளுக்கு என்ன பதில் சொல்லன்னு. மறு வாரமே உங்கப்பா விசாரிக்கிறாரு. விசாரிச்ச விசயம் அந்தப் பொண்ணு வீட்டுக்கும் போயிருச்சு. அடிச்சுப் பிடிச்சு அவளுக்கு வேற எடத்துல முடிச்சுட்டாங்க. எங்கம்மாதான் திட்டம் போட்டுச் சொல்லியிருக்காங்க, எங்களப் பிரிக்க. கேட்டா வேதப் புத்தகத்துல கை வச்சு இல்லவே இல்லன்னாங்க. நான் நம்பல. சாகுற வரைக்கும் அவங்ககிட்ட நான் முகம் குடுத்துப் பேசல டீச்சர்."

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வாயில் முதலில் வந்தது இதுதான்: "அதுக்கு உங்கம்மா 'ஜெபம் நடக்குது, வாய மூடு'ன்னாங்களா?"

அவர் முகம் கறுத்தது. "இதையுமா வந்து சொல்லியிருக்காங்க?"

"அவங்க சொல்லல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேசாப்படம், வெயில், சத்தமில்லாத டிவி, முற்றத்து ஜன்னல். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படி இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எங்கள் அம்மாவின் பார்வை.

"செத்துப்போன எங்கம்மா பேரக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. நல்ல மனசு. ஆனா நான் சின்னப் பையன் இல்ல டீச்சர்."

"அவங்ககூட உக்காந்து உக்காந்து எனக்கும் கொஞ்சம் வாயப் படிக்க வரும்" என்றேன். "அப்புறம் முப்பது வருசம் கடைசி பெஞ்சு வாயைப் பாத்தே சம்பளம் வாங்கியிருக்கேன். நீங்களே சோதிச்சுப் பாருங்களேன்."

உள்ளே மைக்கில் போதகர், ஜெபத்துக்கு எல்லோரும் தலை வணங்கும்படி சொன்னார். "சரி" என்றார் அவர். "நீங்க பொம்பளைங்க பக்கம் உக்காருங்க. நான் ஒண்ணு சொல்றேன்." ஆண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தார். நடுவில் அகலமான நடைபாதை.

ஜெபம் ஆரம்பித்தது. மண்டபம் முழுக்கக் கண் மூடியது. ஜெபத்தில் கண் திறந்திருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எத்தனை முகங்கள், தாங்கள் தெரிகிறோம் என்று தெரியாமல்! ஒருவர் கொட்டாவி விட்டார். ஓர் அம்மா நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்து வாயை அசைத்தார். சின்ன வாக்கியம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நீங்க பொய் சொல்றீங்க.

அந்த வார்த்தை வந்து விழுந்ததும் எனக்குத் தொட்டியடி ஞாபகம் வந்தது. தோளில் ஈரத்துணியோடு அந்தம்மா நின்றது. தங்க இடம் கொடுத்தவள் தன்னைப் பார்த்து அப்படிச் சொன்னதை அவர் கண்ணால் கேட்டிருக்கிறார். அதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அவர் அறை தப்பியிருக்கும். எங்கள் அம்மா தலைகுனிந்திருப்பாள், மகள் முன்னால். சாப்பிட்டீங்களா என்று மாற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது. மூடவில்லை.

ஜெபம் முடிந்து பந்தியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். "என்ன சொன்னேன்?"

சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க. அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு இருவரும் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம். ஆனால் என்னிடம் இருந்தது அந்தம்மாவின் நல்ல பெயர்.

"நான் பொய் சொல்றேன்னு சொன்னீங்க" என்றேன்.

பரிமாறுகிற ஆள் வாளியோடு வந்து நின்றான். அவர் இலையைக் கையால் மறைத்தார். அவன் அடுத்த இலைக்குப் போனான். அவர் வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

"எங்கம்மா செத்துப்போயிட்டாங்க டீச்சர்" என்றார்.

"அந்தம்மாவும்தான்" என்றேன்.